பப்ளிக் ஹைஸ்கூல் ரேட்டிங்: பள்ளியை அளக்கிறதா, பிள்ளைகளின் வீட்டை அளக்கிறதா?

#1 வெண்ணிலா

வணக்கம். வேலை மாறுவதால் வரும் கோடையில் அமெரிக்காவுக்குள்ளேயே வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். நாங்கள் பார்க்கும் பகுதியில் இரண்டு பப்ளிக் ஹைஸ்கூல்கள். வீடு தேடும் தளத்தில் ஒன்றுக்குப் பத்துக்கு 9 போட்டிருக்கிறது, மற்றதற்கு 5. எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடோ அந்தப் பள்ளியில்தான் இடம். 9 வாங்கிய பள்ளியின் எல்லைக்குள் வாடகை கட்ட முடியும், ஆனால் அதற்கப்புறம் சேமிப்பு என்று ஒன்றும் மிஞ்சாது.

மாணவர் விவரங்களையும் பார்த்தேன். முதல் பள்ளியில் வெள்ளையரும் ஆசியரும்தான் பெரும்பான்மை. குடும்ப வருமானம் குறைவாக இருப்பதால் இலவச மதிய உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைகள் கொஞ்சம் பேர். இரண்டாவதில் பாதிக்கு மேல் அந்தத் தகுதி உள்ளவர்கள். ஹிஸ்பானிக் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அதிகம், வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்களும் நிறைய. கேட்ட எல்லாரும் "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, 9-க்குப் போ" என்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த இரண்டு பள்ளிக்குள்ளும் காலடி வைத்தவர் இல்லை. என்னை உறுத்துவது இதுதான்: அந்த எண் பள்ளிக்கூடம் செய்யும் வேலையைச் சொல்கிறதா, அங்கே வந்து சேரும் பிள்ளைகளின் வீட்டு நிலைமையைச் சொல்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 கொங்குத்தமிழன்

9-க்கே போங்கள் சகோதரி. எனக்கு இரண்டு பையன்கள், மூத்தவன் கல்லூரியே முடித்துவிட்டான். ஹைஸ்கூல் நான்கு வருடம் போனால் திரும்பி வராது. ஆசிரியர் முன்னே பின்னே இருந்தாலும், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் படிக்கிறவர்களாக இருந்தால் நம் பிள்ளையும் சேர்ந்து படிக்கும். அந்த எண் வீட்டு நிலைமையைத்தான் அளக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். படிப்பில் அக்கறை உள்ள வீடுகளின் பிள்ளைகளோடு நம் பிள்ளையைச் சேர்ப்பதில் என்ன தப்பு? பரிசோதனை செய்து பார்க்க நமக்கு இருப்பது ஒரு பிள்ளையின் நான்கு வருடம்.

#3 புள்ளிவிவரன்

வெண்ணிலா, உங்கள் கேள்விக்கு வயது அறுபதாகிறது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசே ஒரு மாபெரும் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்ணைப் பள்ளியின் வசதிகளோடும் குடும்பப் பின்னணியோடும் ஒப்பிட்டார்கள். 1966-இல் அறிக்கை வந்தது. கட்டடம், ஆய்வகம், நூலகம் எல்லாவற்றையும் விட மதிப்பெண்ணோடு நெருக்கமாக ஒட்டியிருந்தது குடும்பப் பின்னணிதான். அடுத்தபடியாக, கூடப் படிக்கும் பிள்ளைகளின் பின்னணி. கொங்குத்தமிழன் சொல்வதற்கும் அதில் ஆதாரம் உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை.

அதன் பிறகு வந்ததில் முக்கியமானது ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் குழு செய்த வேலை. நாடு முழுக்க மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்கள். சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தால் வசதியான ஊர்கள் மேலே, ஏழை ஊர்கள் கீழே. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை ஒரு வருடத்தில் எவ்வளவு கூடுதலாகக் கற்றது என்ற வளர்ச்சியைப் பார்த்தபோது வருமானத்தோடு இருந்த அந்த ஒட்டுறவு மிகவும் தளர்ந்துவிட்டது. சிகாகோ பொதுப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள், சராசரி தாழ்வு. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான ஐந்து வருடத்தில் அங்கே பிள்ளைகள் ஆறு வருடத்துப் படிப்புக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். சராசரியை மட்டும் பார்த்து வீடு வாங்குகிறவர் கண்ணில் அது படவே படாது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. பள்ளி அ-வில் நூறு பேரில் 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் சராசரி 80. மீதி 20 பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் சராசரி 60. பள்ளி ஆ-வில் 30 பேர் வசதியானவர்கள், சராசரி 82. மீதி 70 பேர் ஏழைகள், சராசரி 64. இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் ஆ-தான் மேல். ஆனால் மொத்தச் சராசரி போட்டால் அ-வுக்கு 76, ஆ-வுக்கு 69.4. ரேட்டிங் அ-வைத் தூக்கி நிறுத்திவிடும். உங்கள் மகள் சராசரிப் பிள்ளையாக அந்தப் பள்ளிக்குப் போகப்போவதில்லை. ஒரு குறிப்பிட்ட வகைப் பிள்ளையாகப் போகிறாள். அந்த வகைப் பிள்ளைகள் இரண்டு பள்ளியிலும் எப்படிச் செய்கிறார்கள் என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு இல்லை. நேப் என்ற தேசிய மதிப்பீட்டில் 17 வயது மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 1971-க்கும் 2012-க்கும் இடையில் அசையவே இல்லை என்று வரும். பிரித்துப் பார்த்தால் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மூன்று பிரிவுமே உயர்ந்திருக்கின்றன, கறுப்பின மாணவர்கள் மிக அதிகமாக. மாணவர் கூட்டத்தின் கலவை மாறியதால் மொத்தச் சராசரியில் அந்த முன்னேற்றம் தெரியாமல் போய்விட்டது. அதைக் காட்டித்தான் நாற்பது வருடமாகப் பள்ளிகள் எதையும் சாதிக்கவில்லை என்று பேசினார்கள்.

#4 கொங்குத்தமிழன்

> உங்கள் மகள் சராசரிப் பிள்ளையாக அந்தப் பள்ளிக்குப் போகப்போவதில்லை.

நல்ல விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொன்னீர்கள், கூடப் படிக்கும் பிள்ளைகளும் கணக்கில் வருகிறார்கள் என்று. மேரிலண்டில் மாண்ட்கமரி கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். அரசுக் குடியிருப்பில் இடம் கிடைத்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்பினார்கள். அதனால் சில ஏழைப் பிள்ளைகள் வசதியான பள்ளிக்கும், சிலர் ஏழ்மை கூடிய பள்ளிக்கும் போனார்கள். இரண்டாவது வகைப் பள்ளிகளுக்கு மாவட்டம் கூடுதல் பணமும் கொடுத்தது. இருந்தும் வசதியான பள்ளிக்குப் போன பிள்ளைகள்தான் பல வருடங்களுக்குப் பிறகு கணக்கில் தெளிவாக முன்னே நின்றார்கள். ஹெதர் ஷ்வார்ட்ஸ் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. சுற்றம் முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

#5 புள்ளிவிவரன்

நல்ல ஆய்வைத்தான் எடுத்து வைத்தீர்கள். அது தொடக்கப் பள்ளியில், ஏழைப் பிள்ளைகளைப் பற்றியது. பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளை ஓரிடத்தில் குவித்து வைக்கக் கூடாது என்பதற்கு அது வலுவான சான்று, நானும் அதற்காக வாதாடுவேன். ஆனால் புத்தகமும் அமைதியான அறையும் கேட்டால் சொல்லித்தரும் பெற்றோரும் உள்ள வெண்ணிலாவின் மகளுக்கு அதே அளவு லாபம் கிடைக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

அவளைப் போன்ற பிள்ளைக்கு நெருக்கமான சான்று வேறு. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பொது உயர்நிலைப் பள்ளிகள் உண்டு. கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே வந்து உள்ளே போனவர்களையும், சற்றுக் கீழே வந்து வெளியே நின்றவர்களையும் அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பாத்தக் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். இரு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே திறமை. உள்ளே போனவர்களுக்கு மிகச் சிறந்த சகமாணவர்கள் கிடைத்தார்கள். இருந்தும் பிந்தைய தேர்வு மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. அந்தப் பள்ளிகளின் உச்ச மதிப்பெண்ணுக்குக் காரணம் உள்ளே நுழைந்த பிள்ளைகள்.

#6 ராஜி டீச்சர்

பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் கணக்கு சொல்லித்தருகிறேன். எங்கள் பள்ளியும் வெண்ணிலா சொன்ன இரண்டாவது பள்ளி மாதிரிதான்.

மேலே எழுதியதெல்லாம் சரி, ஆனால் ஒன்று எனக்குப் பதைக்கிறது. "மதிப்பெண் என்பது வீட்டு நிலைமைதான்" என்ற வாக்கியத்தை ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். அங்கே அது வேறு வேலை செய்கிறது. இந்தப் பிள்ளைகளிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று கை கழுவ உதவுகிறது. என் வகுப்பில் ஒருத்தி இரவு பதினொன்று வரை வேலை பார்த்துவிட்டு வருகிறாள், காலை முதல் பீரியடில் கண் சொருகும். அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அதனால் அவளுக்குச் சுலபமான கணக்கு கொடுக்க வேண்டுமா? கூடாது. அவளுக்கு வேறு நேரத்தில் அதே கணக்கைச் சொல்லித்தர வேண்டும். அந்த வித்தியாசம்தான் பள்ளிக்கூடத்தின் வேலை.

எங்களைப் போன்ற பள்ளியை உண்மையில் வாட்டுவது எது என்று கேட்டால் முதலில் வருகை என்பேன். பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளையை நாள்பட்ட வருகையின்மைக் கணக்கில் சேர்ப்பார்கள். பெருந்தொற்றுக்கு முன் நாடு முழுவதும் அது சுமார் 15 சதவீதம், 2021-22-இல் சுமார் 28 சதவீதமாகிவிட்டது. வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டமும் உதவாது. அடுத்தது, கணக்கு ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவது. அல்ஜீப்ராவில் பாதி வருடம் தற்காலிக சப்ஸ்டிடியூட் ஆசிரியரோடு போன வகுப்பு, மறு வருடம் ஜியாமெட்ரியில் தடுமாறுகிறது, அதற்கடுத்த வருடம் மாநிலத் தேர்வில் விழுகிறது. ரேட்டிங்கில் அது ஏழ்மை மாதிரித் தெரியும். பாதிக் காரணம் நிரப்பப்படாத ஆசிரியர் இடம்.

மூன்றாவது கவுன்சிலர், அதாவது பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளி ஆலோசகர். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பதுதான் அவர்களுடைய தொழில் சங்கத்தின் பரிந்துரை. பெரும்பாலான மாநிலங்களில் அதைவிட அதிகம். கல்லூரி விண்ணப்பம் என்றால் என்னவென்றே வீட்டில் யாருக்கும் தெரியாத பிள்ளைக்கு அந்த ஒரு மனிதர்தான் வழி. முதல் பள்ளியில் இந்த வேலையைப் பெற்றோரே செய்துவிடுகிறார்கள்.

#7 தேன்மொழி

மாணவர் விவரப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான்.

முதலில் அந்த இலவச உணவு எண். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. 1946-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் விதி இது. வேறு அளவுகோல் இல்லாததால் ஏழ்மையின் அளவாக இதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 2010 சட்டத்தின் வழியே வந்த சமூகத் தகுதி ஏற்பாட்டில் ஒரு பள்ளி சேர்ந்துவிட்டால் அங்கே விண்ணப்பமே கிடையாது, எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு இலவசம். அதில் சேர, மற்ற அரசு உதவித் திட்டங்கள் வழியே தானாகவே தகுதி பெறும் பிள்ளைகள் குறிப்பிட்ட சதவீதம் இருக்க வேண்டும். அந்த வரம்பை 2023-இல் 40-லிருந்து 25 சதவீதமாகக் குறைத்தார்கள். பிள்ளைகள் பசியாறுகிறார்கள், மிக நல்ல காரியம். ஆனால் சில பட்டியல்களில் அந்தப் பள்ளி நூறு சதவீதம் ஏழை என்று வந்துவிடும். இன்னொரு பக்கம், ஏற்பாட்டில் சேராத ஹைஸ்கூல்களில் தகுதி இருந்தும் வெட்கப்பட்டு விண்ணப்பிக்காத பிள்ளைகள் உண்டு. தொடக்கப் பள்ளியில் பதிந்த அதே குடும்பம் ஹைஸ்கூல் கணக்கில் காணாமல் போகும். இந்த எண்ணை வைத்து இரண்டு பள்ளிகளை ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே முறையில் கணக்கெடுக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து ஆங்கிலம் கற்போர் பிரிவு. அந்தப் பிரிவின் தேர்ச்சி எல்லாப் பள்ளியிலும் மோசமாகத்தான் தெரியும். ஏனென்றால் ஆங்கிலம் தேறியவுடன் பிள்ளை அந்தப் பிரிவிலிருந்து வெளியேறிவிடுகிறது. நேற்று வந்த பிள்ளைகளும் இன்னும் தேறாதவர்களும் மட்டும் மிஞ்சுகிறார்கள். இதைச் சரிக்கட்டத்தான் 2015 கல்விச் சட்டம், தேறியவர்களை நான்கு வருடம் வரை அதே பிரிவில் எண்ணிக்கொள்ள மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தது. பதினாறு வயதில் குவாத்தமாலாவிலிருந்து வந்து, பாதியில் நின்ற படிப்பை இங்கே தொடரும் பிள்ளையும், இங்கேயே பிறந்து பத்து வருடமாக அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் அடைபடுகிறார்கள். இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றே அல்ல.

"ஆசியர்" என்ற கட்டமும் அப்படித்தான். மென்பொருள் வேலைக்காக வந்த குடும்பங்களும், போருக்குத் தப்பி அகதிகளாக வந்த லாவோஸின் மாங் இனக் குடும்பங்களும் கம்போடியக் குடும்பங்களும் ஒரே வரியில். நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் காட்டி அந்தப் பிள்ளைகளின் சிரமத்தை மூடுவது நடக்கிறது. நாம் அதற்குத் துணைபோகக் கூடாது.

#8 அருண்மொழி

மாணவர் பக்கத்திலிருந்து நானும் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் அப்படிப்பட்ட கலவையான ஒரு பள்ளியில்தான் படித்து முடித்தேன். மேலே உள்ள பதிவுகளில் விட்டுப்போன விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் இருந்தன.

ஏபி என்ற கல்லூரித் தரப் பாட வகுப்புகளில் நான்கு வருடமும் கிட்டத்தட்ட அதே முகங்கள். உணவுக்கூடத்திலும் விளையாட்டு அணியிலும் எல்லா நிறமும் இருக்கும், ஏபி வேதியியல் அறைக்குள் நுழைந்தால் அந்தக் கலவை மறைந்துவிடும். பள்ளியின் இணையதளத்தில் பன்மைத்தன்மை பற்றிப் பெரிய எழுத்தில் இருந்தது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா முடித்தவன் நேராக மேல் வரிசைக்குப் போனான். முடிக்காதவன் பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸைத் தொட, கோடையில் ஒரு பாடம் கூடுதலாகப் படிக்க வேண்டும். அது யாருக்குத் தெரியும்? அப்பா அம்மா விசாரித்துச் சொன்ன எங்களுக்குத் தெரியும். என் நெருங்கிய நண்பன் என்னைவிடக் கணக்கில் வேகமானவன். ஸ்பானிஷ் பேசும் வீடு, பெற்றோர் இருவருக்கும் இரவு ஷிப்ட். அவனை யாரும் ஏபி-க்குப் போ என்று சொல்லவில்லை. அதில் சேர ஒரு படிவம் இருப்பதே பதினொன்றாம் வகுப்பில்தான் அவனுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

அதனால் வெண்ணிலா அக்கா, உங்கள் மகளுக்கு இரண்டாவது பள்ளியில் பாதகம் வராமல் போகலாம். அவள் மேல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். அதை மட்டும் பார்த்து "இந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கீழ் வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது நல்ல பள்ளியா என்று பாருங்கள்.

#9 ராஜி டீச்சர்

அருண்மொழி தம்பி சொன்னது எங்கள் பள்ளியிலும் நடந்தது. தானாக மாறாது, விதியை மாற்றினால் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் ஃபெடரல் வே மாவட்டம் 2010-இல் ஒரு காரியம் செய்தது. மாநிலத் தேர்வில் தேறிய எல்லா மாணவரையும் ஏபி போன்ற மேல் வரிசைப் பாடத்தில் தானாகவே சேர்த்துவிட்டது. வேண்டாம் என்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை விண்ணப்பிக்கச் சொல்ல ஆளில்லாத பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். 2019-இல் அந்த மாநிலம் முழுவதற்குமே அதைச் சட்டமாக்கினார்கள்.

மிச்சிகனும் இதற்கு நல்ல உதாரணம். 2007-லிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பள்ளி நேரத்திலேயே இலவசமாக வைத்தது. விருப்பப்பட்டு எழுதியவர்களில் நல்ல கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் எடுத்த ஒவ்வொரு ஆயிரம் ஏழை மாணவருக்கும், எல்லாரையும் எழுத வைத்ததால் மேலும் 480 பேர் கிடைத்தார்கள் என்று பொருளாதார ஆய்வாளர் ஜோஷுவா ஹைமன் கணக்கிட்டார். அந்த 480 பேரும் அதே பள்ளிகளில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். சனிக்கிழமை காலை வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்த் தேர்வெழுத வண்டி இல்லாதவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

இதில் ரேட்டிங் பார்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. எல்லாரும் எழுதினால் சராசரி இறங்கும். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் சராசரி கீழே இருக்கும் பள்ளி, தன் பிள்ளைகள் அனைவரையும் எழுத வைத்த பள்ளியாக இருக்கலாம். எத்தனை சதவீதம் பேர் எழுதினார்கள் என்று பார்க்காமல் அந்தச் சராசரியைத் தொடவே தொடாதீர்கள்.

#10 செந்தில்நாதன்

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பள்ளிகளுக்கு மத்திய அரசு தருவது சாதாரண ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியை மாநிலமும் உள்ளூர் வரியும் பகிர்ந்துகொள்கின்றன, உள்ளூர் வரியில் பெரும்பகுதி வீட்டுச் சொத்து வரி. டெக்சாஸில் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர், பெரும்பாலும் மெக்சிகன் அமெரிக்கர்கள், இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். வசதியான அலமோ ஹைட்ஸை விட அதிக வரி விகிதம் கட்டியும் தங்கள் பிள்ளைகளுக்குக் குறைந்த பணமே கிடைக்கிறது என்பது அவர்கள் குறை. 1973-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அரசியலமைப்பில் சொல்லப்பட்ட அடிப்படை உரிமை அல்ல என்றது. மறு வருடமே டெட்ராய்ட் வழக்கில், நகரத்தையும் புறநகர்களையும் சேர்த்துக் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைக் கலக்க வைக்க முடியாது என்று மீண்டும் 5-க்கு 4. இந்த இரண்டு தீர்ப்புகளும் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கோட்டுக்குக் கொடுத்த பலம்தான் வெண்ணிலா இன்று பார்க்கும் வாடகை வித்தியாசம்.

பணம் போட்டால் பலன் இல்லை என்பாரும் உண்டு. ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் நீதிமன்ற உத்தரவுகளால் செலவு கூடிய மாவட்டங்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வருடமும் ஒரு பிள்ளைக்கான செலவு 10 சதவீதம் கூடினால், அந்தப் பிள்ளை பெரியவனாகும்போது ஊதியம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இன்னும் அதிகம்.

கொங்குத்தமிழன் அண்ணா, வசதி உள்ளவர்கள் எல்லாரும் 9-ஐத் தேடி ஓடினால் 5 இன்னும் இறங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது நியாயமான முடிவுதான், புரிகிறது. ஆனால் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணை நாம்தான் உண்டாக்குகிறோம்.

#11 கொங்குத்தமிழன்

செந்தில், அந்தப் பாரத்தை ஒரு பதினான்கு வயதுப் பெண் தலையில் ஏற்றக் கூடாது. பெற்றோராக முதல் கடமை அவளுக்குத்தான். ஊரைத் திருத்த ஓட்டு இருக்கிறது, பள்ளி வாரியக் கூட்டம் இருக்கிறது. நானும் பள்ளி வரி கூட்டும் தீர்மானத்துக்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டேன்.

அருண்மொழி எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்கிறேன். 9 பள்ளியிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒரு பள்ளி இருந்தது. மேலே இருப்பவர்கள் பறந்தார்கள், நடுவில் இருந்த பிள்ளைகளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தூக்கமில்லாமல், ட்யூஷனோடு, மற்றவனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு உடைந்துபோன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். நான் 9 பக்கம்தான் இன்னும் இருக்கிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

#12 வெண்ணிலா

எல்லாருக்கும் நன்றி. நிஜமாகவே யோசித்து எழுதியிருக்கிறீர்கள். மாநில அறிக்கைப் பக்கத்தைத் திறந்து, வறுமையில் இல்லாத ஆசியப் பிள்ளைகள் என்று தேடினேன். இரண்டாவது பள்ளியில் அந்த இடத்தில் எண் இல்லை, வெறும் நட்சத்திரக் குறி. அப்புறம், பட்டம் பெறும் விகிதம் இரண்டு பள்ளியிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது? வேறு எங்கே பார்க்கலாம்?

#13 புள்ளிவிவரன்

நட்சத்திரக் குறி என்றால் அந்தப் பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவு, தனிப்பட்ட பிள்ளை அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று மறைக்கிறார்கள். அந்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அப்படியானால் "வறுமையில் இல்லாதவர்கள்" என்ற முழுப் பிரிவை எடுத்து இரண்டு பள்ளிகளையும் ஒப்பிடுங்கள். ஒரு வருடம் போதாது, மூன்று நான்கு வருடம் சேர்த்துப் பாருங்கள். சிறு பிரிவில் பத்துப் பிள்ளைகள் மாறினாலே எண் குதிக்கும்.

பட்டம் பெறும் விகிதத்தில், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் நான்கு வருடத்தில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று எல்லா மாநிலமும் இப்போது ஒரே முறையில் எண்ணுகின்றன. நாட்டளவில் 2010-11-இல் 79 சதவீதம், 2021-22-இல் 87 சதவீதம். பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகள் குறைந்தது உண்மையான நன்மை. ஆனால் தோற்ற பாடத்தைக் கணினியில் சில வாரத்தில் முடித்து கிரெடிட் எடுக்கும் ஏற்பாடு பல இடத்தில் பெருகியிருக்கிறது. அதனால் அந்த விகிதத்தோடு, முடித்தவர்களில் எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள், அங்கே அடிப்படைக் கணக்கை மறுபடி படிக்க வேண்டியிருந்ததா என்பதையும் தேடுங்கள். பல மாநிலங்கள் அதையும் வெளியிடுகின்றன.

இன்னொரு இடம், மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமைத் தரவுத் தொகுப்பு. 1968 முதல் திரட்டுகிறார்கள். ஏபி வகுப்பில், கால்குலஸில், பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் எந்தப் பிரிவினர் எவ்வளவு என்று பள்ளிவாரியாக இருக்கும். அருண்மொழி சொன்ன "ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளி" அங்கே எண்ணாகவே தெரியும். வளர்ச்சி அளவு ஹைஸ்கூலுக்குக் கிடைப்பது கடினம். சட்டப்படி மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருடமும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு, ஹைஸ்கூலில் ஒரே ஒரு முறைதான். உங்கள் 9-க்கும் 5-க்கும் பின்னால் இருக்கும் தேர்வு அவ்வளவு சின்னது.

போகும் மாநிலம் டெக்சாஸ் என்றால் இன்னொன்று. 1997 சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் மேல் பத்து சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம், ஆஸ்டின் வளாகத்தில் மட்டும் அந்த வரம்பு இன்னும் இறுக்கம். அங்கே எந்தப் பள்ளி என்பதும், அதில் எந்த இடம் என்பதும் சேர்ந்தே கணக்கில் வரும்.

#14 தேன்மொழி

முடிந்தால் பள்ளி நடக்கும் நாளில் இரண்டையும் நேரில் பாருங்கள். திறந்த நாள் விழாவில் காட்டுவது வேறு. கவுன்சிலரிடம் "ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு அக்டோபரில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல பள்ளியில் இதற்குத் தயாராகப் பதில் இருக்கும், யார், எந்த நாள், எந்த அறை என்று. இல்லாத இடத்தில் "நாங்கள் எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்கிறோம்" என்பார்கள்.

#15 ராஜி டீச்சர்

கணக்கு ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறார்கள், போன வருடம் எந்த வகுப்பாவது நிரந்தர ஆசிரியர் இல்லாமல் ஓடியதா, இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், பொதுப் பள்ளி, பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அப்புறம் எந்தப் பள்ளியானாலும், குடிபோகும் முன் மகளின் இப்போதைய பள்ளியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவும் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தின் பெயரும் மாநிலத் தேர்வு முடிவும் கையில் வாங்கிவிடுங்கள். ஆகஸ்டில் தாள் வந்து சேராத பிள்ளையைப் பாதுகாப்பாகக் கீழ் வரிசையில் போட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு மாற்றக் கேட்டால் அட்டவணை நிரம்பிவிட்டது என்பார்கள்.